ஒரே ஒரு திரையிடல்: மாரி செல்வராஜின் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் இயக்குநரின் எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையிட்டு, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பேசி முடிக்கும் வாய்ப்பு பெரும்பாலான கல்லூரித் திரைப்பட மன்றங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் அமைவதில்லை. ஓர் அரங்கு, ஒரு மாலைப் பொழுது, படம் முடிந்தபின் ஒரு மணி நேர உரையாடல் என்ற எல்லைக்குள், அந்த இயக்குநரின் காட்சி மொழியையும் அவர் விடாமல் பேசிவரும் சமூகச் சிக்கலையும் ஒருசேர அறிமுகப்படுத்தியாக வேண்டியிருக்கிறது. மாரி செல்வராஜைப் பொறுத்தவரை இந்தத் தேர்வு எளிதாக இல்லை. 2018இல் ‘பரியேறும் பெருமாள்’, 2021இல் ‘கர்ணன்’, 2023இல் ‘மாமன்னன்’, 2024இல் ‘வாழை’, 2025இல் ‘பைசன் காளமாடன்’ என ஐந்து படங்கள் இருக்கின்றன. ஐந்தும் சாதியைப் பற்றியவை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியும் என்றாலும், அந்த வரியால் எந்தப் படத்தையும் தேர்ந்தெடுக்கவோ தள்ளிவைக்கவோ முடியாது.

எனவே அளவுகோலை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மாரியின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை முதல் பார்வையிலேயே அடையாளம் காண முடியும்: நாய், கழுதை, குதிரை, பன்றி என மனிதர்களுக்கு இணையாக நடத்தப்படும் விலங்குகள், செத்துப்போனவர்கள் சாகாமல் கூடவே நடமாடுவது, ஊரையும் நிலத்தையும் வானிலிருந்து பார்க்கும் காட்சிகள், முகமூடியும் சாயம் பூசிய முகமும். ‘பரியேறும் பெருமாள்’ படத்துக்கு ஸ்ரீதரும், ‘கர்ணன்’ முதல் ‘வாழை’ வரையிலான மூன்று படங்களுக்குத் தேனி ஈஸ்வரும் ஒளிப்பதிவு செய்திருக்கிறார்கள். கை மாறிய பின்னும் இவை மாறவில்லை என்பதால் இவற்றை இயக்குநரின் மொழியாகவே கொள்ளலாம். அந்த மொழிக்கு ஒரு வேர் உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களையும் அகாலத்தில் இறந்த பெண் பிள்ளைகளையும் தெய்வமாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை கொடை என்னும் கோயில் விழா எடுத்து வணங்கும் வழக்கம் நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த வழிபாட்டில் பலியானவரே சாமி, பலி கொண்டவருக்குப் பெயர்கூட இல்லை. மாரியின் திரைக்கதைகள் பெரும்பாலும் இந்தக் கட்டமைப்பில்தான் நிற்கின்றன என்பது என் எண்ணம். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, வசனத்தால் சொல்லி முடிக்க முடியாத ஒன்றை எந்தப் படத்தில் காட்சியே சுமந்து நிற்கிறது என்பதுதான்.

பெரும்பாலானோர் முதலில் முன்மொழியும் படம் ‘பரியேறும் பெருமாள்’. அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்த இந்த முதல் படத்திலேயே இயக்குநரின் உலகம் முழுமையாக உருவாகிவிட்டது. தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வேட்டைக்குச் சென்ற இளைஞர்கள் நாய்களோடு ஒரு நீர்நிலையில் இளைப்பாறுகிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் வருவதைப் பார்த்ததும் வம்பு வேண்டாமென்று எழுந்து போகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். சற்று நேரத்தில் கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறது, ரயில் வருகிறது. அதன்பின் ஊரே கூடி ஒரு மனிதருக்குச் செய்வதைப் போல அந்த நாய்க்கு இறுதிச் சடங்கு செய்கிறது. ஒப்பாரியாகப் பாட்டு எழுகிறது. படத்தின் முழுச் செய்தியும் இந்தச் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது: தண்ணீர் யாருடையது, வழி யாருடையது, எந்த உயிரின் சாவு சாவாக எண்ணப்படும் என்ற மூன்று கேள்விகள். பின்னால் அதே தண்டவாளத்தில் நாயகன் பரியன் கிடத்தப்படும்போது அவனை எழுப்ப கருப்பிதான் வருகிறது. செத்த நாய் காவல் தெய்வமாகத் திரும்பிவிட்டது என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே பார்வையாளருக்குப் புரிகிறது.

இந்தப் படத்தில் ஆணவக் கொலையை ஒரு முதியவர் கைவினைத் தொழில்போலச் செய்துகொண்டு திரிகிறார். கொலைகள் விபத்தாகவும் தற்கொலையாகவும் பதிவாகும்படி அவர் பார்த்துக்கொள்கிறார். அதைக் குலதெய்வத்துக்குச் செய்யும் தொண்டாகவே கருதுகிறார். கராத்தே வெங்கடேசன் நடித்த அந்தப் பாத்திரத்திடம் ஆத்திரம் துளியும் இல்லை என்பதுதான் அச்சத்தைத் தருகிறது. கிராமத்துக் கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடும் பரியனின் தந்தை, நடுத்தெருவில் வேட்டி உருவப்பட்டு ஓடவிடப்படும் காட்சியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதியின் வன்முறை ஆண்மை பற்றிய இழிசொற்களையும் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்க் காட்சிகள் குறைவு.

அப்படியிருந்தும் ஒரே திரையிடலுக்கு இந்தப் படத்தை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். தயக்கம் படத்தின் தரத்தைப் பற்றியதில்லை, படம் முடிந்தபின் நடக்கும் பேச்சைப் பற்றியது. இறுதிக் காட்சியில், பரியனோடு படிக்கும் ஆதிக்கச் சாதித் தோழி ஜோவின் தந்தையும் பரியனும் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் நீங்களாகவும் நான் நாயாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற வரைக்கும் எதுவும் மாறாது என்ற பொருளில் பரியன் சொல்கிறான். மேசையில் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றுக்கிடையே ஒரு மல்லிகைப் பூவும் மிஞ்சுகின்றன. அருமையான முடிவு அது. ஆனால் தந்தையின் முகத்தில் தெரியும் வருத்தமும் மகளின் வெகுளித்தனமும் ஆதிக்கச் சாதிப் பார்வையாளருக்கு ஒரு நிம்மதியைத் தந்துவிடுகின்றன. நல்ல மனிதர்கள், கெட்ட மனிதர்கள், மனம் மாறக்கூடியவர்கள் என்று உரையாடல் தனிநபர்களின் குணத்தைச் சுற்றியே ஓடத் தொடங்கும். கதைக்களம் சட்டக் கல்லூரி என்றபோதிலும், அரசு என்ற அமைப்பு இந்தப் படத்தில் பெரும்பாலும் பின்புலமாகவே நின்றுவிடுகிறது. கலந்துரையாடலை வழிநடத்துபவருக்கு நல்ல அனுபவம் இருந்தால் இதைச் சரிசெய்யலாம். இல்லையென்றால் ஒரு மணி நேரமும் ஜோவின் தந்தையைப் பற்றிய இரக்கத்திலேயே கழிந்துவிடும்.

‘மாமன்னன்’ படத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தனித்தொகுதியில் வென்று சட்டமன்ற உறுப்பினரான ஒருவர், தன் கட்சியைச் சேர்ந்த ஆதிக்கச் சாதித் தலைவரின் வீட்டில் உட்காராமல் நின்றே பழகியிருக்கிறார் என்பதை மகன் பார்க்கும் காட்சி, அரசியல் பிரதிநிதித்துவம் பற்றிய ஒரு முழு வகுப்புக்குச் சமம். நாற்காலி என்ற ஒரு பொருளை வைத்துக்கொண்டு யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் எழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே காட்டி, முதல் பாதி இடைவேளை வரை இறுக்கமாக நகர்கிறது. வடிவேலுவை அந்த இடத்தில் நிறுத்தியதே ஒரு காட்சி முடிவுதான். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தில் அவர் ஏற்ற இசக்கி என்ற பணியாள் பாத்திரத்தை நினைவில் வைத்தே மாமன்னன் உருவானதாக இயக்குநர் இசை வெளியீட்டு விழாவில் வெளிப்படையாகப் பேசினார். பல ஆண்டுகளாக நம்மைச் சிரிக்கவைத்த ஒரு முகம் சிரிக்காமல் நிற்கும்போது, அந்தச் சிரிப்புகளில் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டோம் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

ஆனால் மகன் வளர்க்கும் பன்றிக்கும் அந்தத் தலைவர் வளர்க்கும் நாய்க்குமான எதிர்நிலையை இந்தப் படம் மிகவும் வெளிப்படையாக வைக்கிறது. வளர்ப்பவரின் குணம் விலங்கின் மேல் ஏற்றப்பட்டுவிடுவதால், கருப்பிக்கு இருந்த தனி உயிர் இங்கே எந்த விலங்குக்கும் இல்லை. இரண்டாம் பாதி தேர்தல் கணக்கில் இறங்கியபின் காட்சிகள் தளர்ந்து வசனம் மேலெழுகிறது. இன்னொன்றும் நடந்தது. படம் இணையத் தளத்துக்கு வந்த பிறகு, பகத் பாசில் நடித்த அந்த ஆதிக்கச் சாதித் தலைவர் ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி ஒட்டிச் சாதிப் பெருமிதப் பாடல்களோடு பலர் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். தன் நாயையே அடித்துக் கொல்லும் ஒரு பாத்திரம் நாயகனாகக் கொண்டாடப்பட்டது. ஒரு படிமம் அதைப் படைத்தவரின் கையைவிட்டு எப்படி நழுவுகிறது என்பதை ஆராய விரும்பும் ஒரு வகுப்புக்கு இது மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அறிமுகத் திரையிடலுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. முதல் பாதியின் அந்த நாற்காலிக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பத்து நிமிடம் காட்டிப் பேசலாம்.

‘வாழை’ ஐந்து படங்களில் அளவில் சிறியது, அதனால் நேரக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு வசதியானது. இயக்குநரின் சிறுவயது வாழ்க்கையை ஒட்டிய கதை என்பதால் அதன் விவரங்களில் ஒரு தனித் துல்லியம் இருக்கிறது. பள்ளி நாள்களில் ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை போட்டுக்கொண்டும் டீச்சரின் கைக்குட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டும் திரியும் சிவனணைந்தான், விடுமுறை வந்ததும் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். தாரைத் தலையில் ஏற்றியதும் கழுத்து உள்ளிழுத்துக்கொள்வது, சேற்று வரப்பில் கால் விரல்கள் பிடிமானம் தேடுவது, இறக்கிய பிறகும் நிமிராத முதுகு ஆகியவற்றைக் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது. மற்றப் படங்களில் வானிலிருந்து பார்க்கும் பார்வைக்கு இருக்கும் இடத்தை இங்கே சுமை தூக்கிய ஒரு சிறுவனின் கண் உயரம் பிடித்துக்கொள்கிறது. கூலி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர வேண்டும் என்று கேட்பது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதும், தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புவதன் விலை என்ன என்பதும் படத்தின் இறுதிப் பகுதியில் தெரிகின்றன. ஊர் முழுக்கப் பிணங்கள் கிடக்க, பசி தாங்காமல் சோற்றுப் பானையைத் தேடும் சிறுவனை எந்த விளக்கமும் இல்லாமல் படம் நம்முன் நிறுத்துகிறது.

எனினும் முன்பு சொன்ன அளவுகோலில் ‘வாழை’ பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. உழைப்பும் வறுமையும் குழந்தைப் பருவமும் அதில் முழுமையாக இருக்கின்றன. சாதி அடியோட்டமாக இருக்கிறதே தவிர, முன் அறிமுகம் இல்லாத பார்வையாளர் அதை வெறும் வறுமைக் கதையாகவும் ஒரு விபத்தின் கதையாகவும் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடும். இயக்குநரின் மற்றப் படங்களை அறிந்தவருக்கு இந்த அடக்கம் பெரும் வலிமையாகத் தெரியும். முதல் படமாகப் பார்ப்பவருக்கு அந்த வலிமை பிடிபடாமல் போகலாம். பள்ளி மாணவர்கள் அதிகம் வரும் அரங்கு என்றால் மட்டும் தயங்காமல் இதையே தேர்ந்தெடுப்பேன். தங்கள் வயதுப் பையன் ஒருவனின் கழுத்தில் இறங்கும் பாரத்தை அவர்கள் உடனே உணர்வார்கள்.

கபடியை மையமாக வைத்த ‘பைசன் காளமாடன்’ அண்மையில் வந்தது. துருவ் விக்ரமின் உடலுழைப்பும் தந்தையாக வரும் பசுபதியின் நடிப்பும் மனத்தில் நிற்கின்றன. ஆனால் விளையாட்டுப் படத்துக்கே உரிய ஏற்ற இறக்கங்கள் கதையைத் தாங்கிப் பிடிப்பதால், இயக்குநரின் காட்சி மொழியைத் தனியே பிரித்துப் பேச இது முதல் தேர்வாகாது.

மிஞ்சுவது ‘கர்ணன்’. ஒரே ஒரு படம்தான் என்றால் நான் இதையே எடுப்பேன்.

தொடக்கக் காட்சியே அதற்குப் போதுமான காரணம். நெடுஞ்சாலையின் நடுவே ஒரு சிறுமி வலிப்பு வந்து துடித்துக்கொண்டிருக்கிறாள். கேமரா செங்குத்தாக மேலே நிற்கிறது. வாகனங்கள் அவளுக்கு இருபுறமும் விலகிச் செல்கின்றன, ஒன்றும் நிற்கவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது சாலை ஒரு கோடு, சிறுமி ஒரு புள்ளி. அரசும் ஓட்டுநர்களும் அந்த ஊரைப் பார்ப்பது இப்படித்தான் என்று நமக்குத் தோன்றும் நேரத்தில், இறந்த பிள்ளை தெய்வ முகமூடி அணிந்து எழுகிறாள். இப்போது அந்த மேலிருந்து பார்க்கும் பார்வை அவளுடையதாகிவிடுகிறது. தமிழ்ப் படங்களில் டிரோன் காட்சி பெரும்பாலும் நிலப்பரப்பின் அழகைக் காட்டி வியக்கவைப்பதற்கே பயன்படுகிறது. இங்கே ஒரே கோணம் முதலில் அலட்சியத்தின் கண்ணாகவும் பிறகு காவல் தெய்வத்தின் கண்ணாகவும் மாறுகிறது. படம் முழுக்க அந்தச் சிறுமி பெரிய முகமூடியோடு ஊரின் ஓரங்களில் தென்பட்டுக்கொண்டே இருக்கிறாள். உரையாடலை இந்த ஒரு காட்சியில் தொடங்கினால், காட்சி மொழியையும் சமூகப் பொருளையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச யாராலும் முடியாது.

அடுத்தது பேருந்து. கதை நடக்கும் ஊரான பொடியன்குளத்துக்குப் பேருந்து நிறுத்தம் இல்லை. நிறுத்தம் இல்லாததால் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போக ஆதிக்கச் சாதியினர் வாழும் பக்கத்து ஊரான மேலூருக்கு நடக்க வேண்டும், அங்கே நிற்கும்போது அவமானப்பட வேண்டும். தீண்டாமை என்றதும் கோயில் வாசலையும் தேநீர்க் குவளையையும் மட்டுமே நினைத்துப் பழகியவர்களுக்கு, நிற்காமல் போகும் ஒரு பேருந்தும் அதே செயலைத்தான் செய்கிறது என்று இந்தப் படம் காட்டுகிறது. கர்ப்பிணித் தாய் கைகாட்டியும் வண்டி நிற்காமல் போக, உடனிருக்கும் அவளுடைய சிறுவன் கல்லை எடுக்கிறான். முன்னங்கால்கள் கட்டப்பட்ட நிலையில் படம் நெடுகத் துள்ளித் துள்ளி நகரும் கழுதையின் கயிறு அறுக்கப்படுவதும், பேருந்தின் கண்ணாடி உடைவதும் கதையின் ஒரே கட்டத்தில் அருகருகே வருகின்றன. எது எதற்கு உவமை என்று விளக்க யாரும் முன்வரவில்லை. தன் போக்கில் மலையேறி ஓடும் கழுதை கழுதையாகவே இருக்கிறது. அதே நேரத்தில் அது ஊராகவும் இருக்கிறது. ‘மாமன்னன்’ பன்றிகளுக்குக் கிடைக்காத சுதந்திரம் இந்தக் கழுதைக்குக் கிடைத்திருக்கிறது.

மூன்றாவதாக, பெயர்கள். கர்ணன், துரியோதனன், திரௌபதி ஆகியோர் ஊரின் பக்கம் நிற்க, கண்ணபிரான் என்பது காவல்துறை உயரதிகாரியின் பெயராக இருக்கிறது. மகாபாரதத்தின் அறத்தராசை இயக்குநர் தலைகீழாகத் திருப்பிவைத்திருக்கிறார். காவல் நிலையத்துக்கு வந்த பெரியவர்களிடம் அந்த அதிகாரியை உறுத்துவது பேருந்து உடைந்ததைவிட, அவர்கள் தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்பதும் துரியோதனன் என்ற பெயரைத் தயங்காமல் சொல்வதும்தான். அதன்பின் நிலையத்தின் மொட்டை மாடியில் நாம் பார்ப்பது அடிபட்டு வெயிலில் காயும் வயதான உடல்களின் காட்சி. சாதிக்கும் சீருடைக்கும் உள்ள உறவு பற்றி இவ்வளவு நேரடியாக வெகுசனப் படம் ஒன்று பேசியிருப்பது ‘கர்ணன்’ படத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு முக்கியமான காரணம். ‘பரியேறும் பெருமாள்’ தனிமனிதரிடம் விட்டுவந்த கேள்வியை இது அரசிடம் கேட்கிறது.

இந்தப் படத்தின் பின்னால் ஓர் உண்மை நிகழ்வு இருப்பது உரையாடலுக்கு மேலும் பயன்படும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்டில் காவல்துறை பெரும் எண்ணிக்கையில் புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நாசமாக்கியது. படம் வெளியானபோது கதை நடக்கும் காலமாக 1997 என்ற ஆண்டு குறிப்பிடப்பட்டிருந்தது. உண்மை நிகழ்வு 1995இல், வேறொரு கட்சியின் ஆட்சியில் நடந்தது என்று சுட்டிக்காட்டப்பட்டு விவாதம் எழுந்த பிறகு, அந்தக் குறிப்பு 90களின் பிற்பகுதி என்று மாற்றப்பட்டது. ஓர் ஆண்டு எண்ணை முன்பின்னாக நகர்த்துவது யாருடைய பொறுப்பை மறைக்கிறது, யார்மேல் பழியைச் சுமத்துகிறது என்ற கேள்வியை எழுப்பினால், புனைவுக்கும் வரலாற்றுக்கும் இடையிலான கடமை பற்றி அரங்கில் நல்ல விவாதம் நடக்கும். ஒருங்கிணைப்பாளர் கொடியன்குளம் பற்றி இரண்டு நிமிடம் படத்துக்கு முன்பே சொல்லிவிடுவது அவசியம்.

இந்தத் தேர்வுக்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு. படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, எனவே ஐந்து மணிக்குத் தொடங்காத திரையிடலில் உரையாடலுக்கு நேரம் இருக்காது. தனுஷின் நட்சத்திரத் தகுதி சில இடங்களில் ஊரின் கூட்டு எழுச்சியை ஒரு நாயகனின் வீரமாகச் சுருக்குகிறது. அவர் குதிரையில் வரும் காட்சியில் அரங்கம் கைதட்டும்போது, அந்தக் கைதட்டல் ஊருக்கா நடிகருக்கா என்று சொல்வது கடினம். பெண் பாத்திரங்களில் கர்ணனின் அக்கா பத்மினிக்கு மட்டுமே போதிய இடம் இருக்கிறது. ரஜிஷா விஜயனின் திரௌபதி, பெயரின் கனத்துக்கு ஏற்ப வளரவில்லை. படிமங்களின் நெரிசலும் ஒரு குறைதான்: வானில் எறியப்படும் மீனை வெட்டும் வாள், தலையில்லாத உருவத்தின் ஓவியம், கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் பருந்து என்று அடுக்கிக்கொண்டே போவதால், முதல்முறை பார்ப்பவர் சிலவற்றைத் தவறவிடுவார். ஆனால் மன்ற உரையாடலுக்கு இந்த நெரிசல் உதவியாகவே இருக்கும், ஏனென்றால் ஆளுக்கொரு படிமத்தைப் பிடித்துக்கொண்டு பேச முடியும்.

இறுதி வன்முறை பற்றிய கேள்வி கட்டாயம் வரும். கர்ணன் அதிகாரியைக் கொல்கிறான், சிறை செல்கிறான், ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். இதை நியாயப்படுத்துவதா என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியை அடக்கவும் கூடாது, அதிலேயே உரையாடல் முழுவதையும் செலவிடவும் கூடாது. மனு கொடுத்தது, காத்திருந்தது, கைகாட்டியது, காவல் நிலையத்துக்கு அழைத்தபோது பெரியவர்கள் தாங்களாகவே போனது என்று அதற்கு முன் ஊர் என்னென்ன செய்து பார்த்தது என்பதைக் காட்சி காட்சியாக நினைவுபடுத்தச் சொல்லிவிட்டு, அதன்பின் அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொண்டால் பதில்கள் வேறு விதமாக வரும்.

இரண்டாவது திரையிடலுக்கு வாய்ப்பு கிடைத்தால் ‘வாழை’ படத்தை அடுத்து வைக்கலாம். ‘கர்ணன்’ பார்த்தவர்களுக்கு அதன் அடியோட்டம் தெளிவாகத் தெரியும், தேனி ஈஸ்வரின் கேமரா வானத்திலிருந்து இறங்கி ஒரு சிறுவனின் தோள் உயரத்துக்கு வந்திருப்பதையும் அவர்களே கவனித்துச் சொல்வார்கள். மூன்றாவதாக ‘பரியேறும் பெருமாள்’ வந்தால், அந்த இரண்டு தேநீர்க் குவளைகளைப் பற்றிப் பேசும்போது ஜோவின் தந்தையின் வருத்தத்தைத் தாண்டி, பரியன் கேட்டது என்ன என்பதில் உரையாடல் நிற்கும்.